திருப்பி நிறுத்துகிறவர்

எங்கள் அலுவலக மாடிப்படியில் காலையில் நாங்கள் கழற்றிப் போடும் செருப்புகள், சாயங்காலம் பார்த்தால் அத்தனையும் வாசலைப் பார்த்துத் திரும்பி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே இறங்கியபோது ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அலுவலகத்துக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறவர். ஒரு கையில் டீ கிளாசோடு நின்றுகொண்டு, வலது கால் பெருவிரலால் என் செருப்பை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். அவசரமா இறங்கி வந்தா மாட்டிக்கிட்டு ஓடலாம்ல."

"எதுக்கு ஓடணும்?"

"ஓட வேணாம்னா நடந்து போங்க" என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். திருச்சி பாலக்கரைக்காரர். நாற்பதை ஒட்டிய வயது. பதினோரு வருஷம் சவூதியில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். அரைக்கைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா இருக்கும். டிரைவருக்குப் பேனா எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

அலுவலகம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஐந்து கம்ப்யூட்டர். செயற்கைக்கோள் எடுக்கும் படங்களை வாங்கி, ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எந்த வயலில் என்ன பயிர் என்றெல்லாம் வரைபடம் போட்டுக் கொடுப்போம். கீழே தெருவில் எந்நேரமும் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களுமாகக் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஜீப்பைக் கொண்டுவந்து, முன்னே இழுத்து, பின்னே தள்ளி, மறுபடி முன்னே இழுத்து, வந்த வழியைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினால்தான் அவருக்கு வண்டி நின்றதாக அர்த்தம். எதிரே பூ விற்கிற அம்மாள் தினமும் திட்டுவாள்.

"ஏன்ப்பா, வந்தமா நிறுத்தினமான்னு இருக்க மாட்டியா? கோயில சுத்தி வர்ற மாதிரி என் கூடைய சுத்தி வர்ற."

"இந்த வண்டி கிழக்க பார்த்து நின்னாத்தாங்க ஸ்டார்ட் ஆகும்."

"அது தெற்குப்பா."

"அதான் இவ்வளவு நாளா மக்கர் பண்ணுதா?"

எங்கள் சாரிடம் அவர் சொன்ன காரணம் வேறு. சார்தான் எங்கள் முதலாளி. சவூதியில் பாய் வேலை பார்த்த எண்ணெய்க் கம்பெனியில் வண்டியைத் திருப்பி நிறுத்தாவிட்டால் பாதுகாப்பு அதிகாரி கண்ணாடியில் மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவாராம். மூன்று சீட்டு சேர்ந்தால் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டுமாம். "வெயிலுக்கு அந்த ஏசி கிளாஸ் நல்லாத்தான் சார் இருக்கும். ஆனா படம் போட்டுப் பாடம் நடத்துவான்."

நான் கேட்டபோது, "வீட்ல சோறு ஆறிடும் மேடம். சீக்கிரம் கிளம்பணும்ல" என்றார். ஒருவருக்குச் சொன்ன காரணத்தை இன்னொருவருக்குச் சொன்னதில்லை. ஆனால் யாராவது "போலாமா பாய்?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான். "போயிட்டு வரலாங்க." 'போகலாம்' என்று தனியாக அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

எனக்கு அவரிடம் பொறுமை இருந்ததில்லை. அதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் காடு எங்களுடையது. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கூலி வேலை. அப்பா, அம்மா இருவருக்கும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழகிப் பழகி ஒரு நீளமான கையெழுத்தை உண்டாக்கி வைத்திருந்தேன். கடைசி எழுத்தின் வால் பாதிக் கோட்டுக்கு ஓடும். திருச்சியில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. முடித்தேன். என் அடையாள அட்டையை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டுபோய்க் களை எடுக்கிற இடத்தில் காட்டியிருக்கிறாள். அதெல்லாம் எனக்குப் பெருமைதான். இப்போதும் பெருமைதான். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஒரு மலையின் சரிவைச் சொல்லத் தெரிந்த எனக்கு, வண்டியை நிறுத்த ஒருவர் தினம் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாரே என்று எரிச்சலாக இருக்கும்.

அந்த வருஷம் பச்சைமலை வேலை வந்தது. கோடைக்கு முன்னால் மலையில் தீக்கோடு வெட்டுவார்கள். ஒரு இடத்தில் பிடித்த தீ அடுத்த இடத்துக்குத் தாவாமல் இருக்க, காய்ந்த புல்லையும் புதரையும் பட்டையாக வெட்டி எடுத்துவிடும் வேலை. இருபது இருபத்தைந்து பேர் கும்பலாகப் போவார்கள், பாதிப் பேர் பெண்கள். வெட்டரிவாள், சரிவு, பாறைத்தேனீ, பாம்பு, வெயில் எல்லாம் அந்த வேலையில் உண்டு. மலையில் எந்த இடத்தில் வேலை செய்வது எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு வந்த பொறுப்பு. சார் அதை என்னிடம் கொடுத்தார்.

சரிவு எவ்வளவு, புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, முன்பு எங்கே எரிந்திருக்கிறது, சாலை எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்புப் போட்டுக் கூட்டினேன். ஆபத்து அதிகமென்றால் சிவப்பு, நடுத்தரம் மஞ்சள், குறைவென்றால் பச்சை. சிவப்பிலும் மஞ்சளிலும் வேலை நடக்கும்போது பக்கத்திலேயே ஒரு வண்டி காத்திருக்கும். பச்சையில் வண்டி இருக்காது. ஆட்களை இறக்கிவிட்டுப் போய்ச் சாயங்காலம் வரும். இருக்கிற வண்டிகளைப் பிரித்து அனுப்ப அதுதான் வழி. ஆகவே ஒரு இடத்துக்கு நான் பச்சை போட்டால், அங்கே வண்டி நிற்க வேண்டாம் என்று நானே சொல்கிறேன் என்று பொருள்.

படத்தில் கண்டதைத் தரையில் சரிபார்க்க பாயோடு மலைக்குப் போனேன். மலை அவருக்குப் புதிதில்லை. சவூதியிலிருந்து வந்த புதிதில் இரண்டு வருஷம் அங்கிருந்து மரவள்ளிக்கிழங்கும் பலாப்பழமும் ஏற்றி இறக்கியிருக்கிறார். மேற்குப் பக்கம் ஒரு மண்பாதை. அதன் கடைசியில் நான் ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும். பாதையில் பாதி தூரம் போனதும் ஒரு புளியமரம், அதைச் சுற்றிக் கொஞ்சம் சமதரை. பாய் ஜீப்பை அங்கே திருப்பி, வந்த வழியைப் பார்த்து நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டார்.

"இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கு பாய்."

"இருக்குங்க."

"போங்க."

"போலாம் மேடம். வர முடியாது. உள்ள வண்டி திரும்ப இடமில்லை."

"ரிவர்ஸ்ல வாங்களேன். எல்லாரும் வர்றதில்லையா?"

"வர்றாங்க. நான் வர்றதில்லை" என்றார். குரலை உயர்த்தவில்லை. பின் சீட்டிலிருந்து ஒரு பழைய குடையை எடுத்து நீட்டினார். "வெயிலா இருக்கு. இதைப் பிடிச்சுக்குங்க. நானும் கூட நடந்து வரேன்."

"நீங்க வண்டியப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை வாங்காமல் நடந்தேன். பதினோரு மணி வெயில். மூன்று இடம்தான் பார்க்க முடிந்தது. மீதி இரண்டையும் படத்தில் தெரிந்ததை வைத்தே எழுதிக்கொண்டேன். திரும்பும் வழியில் அவர் துறையூரில் நிறுத்தி எனக்கொரு மோர் வாங்கி வந்தார். அதையும் குடிக்கவில்லை.

ஸ்ரீரங்கம் வந்து இறங்கியதும் ட்ரிப் ஷீட்டை நீட்டினார். அது அவர் வேலை பார்த்த டிராவல்ஸ்காரர் கொடுக்கும் தாள். எத்தனை கிலோமீட்டர், கிளம்பிய நேரம், வந்த நேரம் எல்லாம் எழுதி வண்டியில் வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவரே கொண்டுபோய்க் கொடுப்பார். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, யாரும் அதில் எழுதுவதில்லை. நான் அவர் பேனாவையே வாங்கி, அந்தக் கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். வேலை நடக்கும் இடத்துக்கு வர டிரைவர் மறுத்தார், வேலை பாதியில் நின்றது, வேறு டிரைவரை அனுப்பவும். மூன்று வரி. ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம், அது அவருக்குப் புரியாது என்று நினைத்ததுதான்.

தாளைக் கொடுத்துவிட்டுப் படியேறினேன். பாதிப்படியில் பின்னாலிருந்து குரல்.

"மேடம், கையெழுத்த விட்டுட்டீங்க."

எத்தனையோ தாளில் தேடித் தேடிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். அன்றைக்குக் கோபத்தில் மறந்திருக்கிறேன். அவர் படியேறி வந்து, தாளைத் தன் கைப்பலகை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். நான் வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். "வரேங்க" என்று சொல்லி இறங்கினார். அடுத்த முறை மலைக்குப் போக வேறொரு டிரைவர் வந்தார்.

புதியவர் சின்ன வயசுக்காரர். பாட்டுப் போட்டுக்கொண்டு வேகமாக ஓட்டுவார். சொன்ன இடத்துக்கெல்லாம் வருவார். எனக்குப் பிடித்திருந்தது. அதே மேற்குப் பாதையில், புளியமரத்தைத் தாண்டி, பாதை முடிகிற பாறை வரைக்கும் கொண்டுபோய் மூக்கை முட்டி நிறுத்தினார். விட்டுப்போன இரண்டு இடத்தையும் பார்த்தேன். சரிவு குறைவு, பாதை பக்கம். என் பச்சை சரியாகத்தான் இருந்தது. அங்கே ஒரு கும்பல் தீக்கோடு வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவர்களில் அழகம்மா என்று ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். நான் கையில் வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து, "மேடம், இதுல எங்க வீடு தெரியுமா? கூரை மாத்தியாச்சான்னு பார்த்துச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு மாத்திட்டேங்கறாரு, நம்ப முடியலை" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

பத்து நிமிஷம் கழித்து அவள் கால் ஒரு உருட்டுக் கல்லில் வழுக்கியது. விழுந்தபோது கையிலிருந்த அரிவாள் கெண்டைக்காலின் கீழே இறங்கிவிட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்கள். துண்டு உடனே நனைந்தது. ஜீப்பில் ஏற்றினோம். ஏற்றும் வரைக்கும் நான்கு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அதற்கப்புறம் வண்டி திரும்பவில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பின்னாலேயே எடுத்துக்கொண்டு வர வேண்டும். பாதையில் ஒரு வளைவுகூடப் பின்னால் பார்த்தபடி ஓட்டுவதற்கென்று போட்டதில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து ஓட்டினார். நான் ஜீப்புக்குப் பின்னால் நடந்து கையைக் காட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு முறை பின்சக்கரம் விளிம்புக்குப் போனது. கும்பலில் இருந்தவர்கள் ஓடிவந்து கல்லை முட்டுக் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் வண்டி நின்றபோது, உள்ளே கிடந்த அழகம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏன் மேடம், மேல இருந்து பார்க்கிறப்ப இந்த ரோடு நல்லாத்தான் இருந்துச்சா?"

கிண்டலாகத்தான் சொன்னாள். உதடு காய்ந்திருந்தது.

ஒன்றரை கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புளியமரத்தடியில் வந்துதான் வண்டி திரும்பியது. ஆறு நாளைக்கு முன் பாய் நிறுத்தியிருந்த அதே இடம். அவருடைய டயர்த் தடம் அங்கே இன்னும் இருந்தது.

அழகம்மா பிழைத்துவிட்டாள். ஒரு நரம்பு அறுந்துபோனதால் பெருவிரலில் உணர்வு திரும்பவில்லை. ரத்தம் நிறையப் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் காலையில் அலுவலகத்தில் வரைபடத்தைத் திறந்தேன். அந்தப் பாதை ஒரு மெல்லிய கோடாக ஓடியது. நான் போட்ட கோடுதான். கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. அதில் எந்தப் பக்கமும் போகலாம், எந்த இடத்திலும் திரும்பலாம். அந்தக் கோடு பக்கத்தில் இருக்கிறது என்பதால்தான் அந்த இடம் பச்சையாகியிருந்தது. மலை முழுக்க அப்படி எத்தனையோ பச்சை. அன்றைக்கு நான் அங்கே இருந்ததால் ஒரு ஜீப்பாவது இருந்தது. நான் வரையறுத்தபடி அங்கே ஒரு வண்டியும் இருந்திருக்கக் கூடாது.

சாரிடம் சொன்னேன். அவர் திரையில் அந்தப் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வண்டி திரும்புற இடத்தை வச்சு மறுபடி போடணும்னு சொல்ற. சரி. ஆனா அது படத்துல தெரியாதேம்மா. பாதி பாதை மரத்துக்கு அடியில போகுது."

"நடந்து பார்க்கலாம் சார்."

"எல்லாத்தையுமா? பதினெட்டு நாள்ல வரைபடம் குடுக்கணும். அதை வச்சுத்தான் மத்த கும்பலெல்லாம் மலையேறப் போகுது." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாரு. வேணாம்னு எழுதிக் குடுத்தது யாரு?" என்றார்.

டிராவல்ஸில் விசாரித்தேன். அந்தக் குறிப்புக்குப் பிறகு அவர்கள் அவரை எங்கேயும் அனுப்பவில்லை, அவரே விலகி, தெரிந்தவர் ஒருவரின் பழைய காரை எடுத்து விமான நிலையத்தில் ஓட்டுகிறார் என்றார்கள். விமான நிலையத்துக்கு வெளியே வரிசையாகக் கார்கள் மரநிழலில் மூக்கை முட்டி நின்றிருந்தன. ஒன்று மட்டும் சாலையைப் பார்த்து நின்றது. நிழல் அதன் டிக்கி மேல்தான் விழுந்தது. முன்பக்கம் முழுக்க வெயில். அவர் பக்கத்து டீக்கடையில் இருந்தார்.

"நல்லாயிருக்கீங்களா அண்ணே" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். என்ன மேடம், இன்னைக்கு அண்ணேங்கறீங்க. பெரிய வேலையா வந்திருக்கீங்க போலிருக்கு."

நடந்ததைச் சொன்னேன். டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "அந்தம்மாவுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார். இரண்டு என்றேன். தலையை ஆட்டினார்.

அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் நான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தை தேடியிருந்தேன். "அன்னைக்கு ட்ரிப் ஷீட்ல உங்களைப் பத்தி நான்தான் எழுதினேன். அதனாலதான் உங்களை..."

"தெரியுங்களே. வாங்கினதுமே படிச்சேன். மூணு வரி. ஸ்பெல்லிங்கெல்லாம் சரியா இருந்துச்சு."

"இங்கிலீஷ்..." என்று இழுத்தேன்.

"பதினோரு வருஷம் மேடம். அங்க தமிழ்லயா எழுதி வச்சிருக்கான்?"

"படிச்சுட்டுமா என்கிட்ட கையெழுத்துக் கேட்டு வந்தீங்க?"

"கையெழுத்து இல்லாட்டி அந்தத் தாள் செல்லாதுங்களே" என்றார். "நீங்க எழுதினதும் பொய்யில்லை. வர மாட்டேன்னு நான் சொன்னேன்ல?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளில் மூன்று விதமாக வரைபடத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பெரியதை எடுத்துத் தன் கார் பானட் மேல் விரித்தார். சூடாக இருந்ததால் கீழே ஒரு துண்டைப் போட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"புள்ளி வச்சா போதும் அண்ணே. நான் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கிறேன்."

"புள்ளி வச்சா, எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும்னு எப்படித் தெரியும்?"

புள்ளிக்குப் பதில் அம்பு போட்டார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன அம்பு, காட்டுக்கு முதுகைக் காட்டி, இறங்கும் வழியைப் பார்த்து. போடும்போதே சொல்லிக்கொண்டு போனார். இங்கே ஓடைக்கு இந்தப் பக்கம் மட்டும் திரும்பலாம். இங்கே பலாமரத்தைச் சுற்றிக்கொள்ளலாம், லாரி முடியாது. இங்கிருந்து மேலே திரும்பவே இடம் கிடையாது, நடந்துதான். ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தொரு அம்பு. நடுவே ஒருவர் வந்து தஞ்சாவூர் வருமா என்று கேட்டார். அவரைப் பக்கத்துக் காருக்கு அனுப்பினார்.

"திரும்ப எங்க ஆபீசுக்கே வந்துருங்க அண்ணே. நான் சார்கிட்ட பேசறேன்."

"வேணாங்க. இங்க எனக்குச் சரியா இருக்கு. ஏத்துற ஆளெல்லாம் திரும்பி வந்த ஆளு" என்று சிரித்தார்.

கிளம்பும்போது கேட்டேன். "உண்மையிலேயே எதுக்கு அண்ணே திருப்பி நிறுத்துறீங்க?"

கொஞ்சம் யோசிப்பதுபோல் பார்த்தார். "கழுத்து வலிங்க மேடம். பின்னால திரும்பிப் பார்த்து ஓட்ட முடியலை."

விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. "போயிட்டு வரேங்க" என்று காரில் ஏறினார். ஒரே திருப்பில் சாலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மறுபடி சவூதிக்குப் போய்விட்டதாகப் பூக்கார அம்மாள் சொன்னாள். அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

முப்பத்தொன்றில் முடிந்த அளவு நானும் சாரும் போய்ப் பார்த்தோம். இரண்டு இடம் தவறு. ஒன்றில் மண் சரிந்திருந்தது, ஒன்றில் யாரோ வேலி போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் சரி. வேலை நடக்கும் இடத்திலிருந்து சாலை எவ்வளவு தூரம் என்ற கணக்கை எடுத்துவிட்டு, வண்டி திரும்பி நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று போட்டேன். பச்சையில் பாதி மஞ்சளானது, மேற்குப் பாதை சிவப்பானது. அம்புகளை அப்படியே வைத்துக்கொண்டேன். அம்பு ஏன் வேலை நடக்கும் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்கிறது, தவறா என்று வரைபடத்தை வாங்கியவர்கள் கேட்டார்கள். தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம் மறுபடி மலைக்குப் போனேன். கும்பலோடு கும்பலாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். அழகம்மாவும் வந்திருந்தாள். காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது. அந்த ஜீப்பில் என்னைத் தவிர யாருக்கும் பாயைத் தெரியாது. அழகம்மாவும் அவரைப் பார்த்ததில்லை. புளியமரத்தடியில் வண்டியின் வேகம் குறைந்தது. எனக்குப் பார்க்க வேண்டிய இடம் நிறைய இருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கக் காலை நீட்டினேன்.

அழகம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இருங்க மேடம். வண்டி இன்னும் திரும்பலை."